நோர்மண்டிக் கரையில் ஒரு முழுக்கு

மொன்றியலில் நான் முதன்முதலில் குடியிருந்த வீட்டின் கீழ்த்தட்டில், சமையலறைச் சீலிங்கில், ஒரு பெரிய மஞ்சள் கறை இருந்தது. அது என் கைவேலை. வீட்டுக்காரி அந்த வீட்டை விற்கும்வரை அதற்கு வெள்ளை அடிக்கவேயில்லை.

வீடு பார்க் எக்ஸ்டென்ஷனில். ஜான்-டலோன் சந்தைக்கு நடந்து போய் வரலாம். மேலே நாங்கள் நான்கு பெடியன்கள், கீழே வீட்டுக்காரி. அவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவனை இழந்தவர், தையல் தொழிற்சாலையில் வேலை. மதாம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேசியது கியூபெக் பிரெஞ்சு. நான் அதைப் படித்தது வகுப்பில் இல்லை, அவருடைய வாயிலிருந்துதான், அதுவும் பெரும்பாலும் ஏச்சாக. குப்பையைத் தவறான நாளில் வைத்ததற்கு ஏச்சு, படியில் பனி தள்ளாததற்கு ஏச்சு, கறிவேப்பிலை தாளிக்கும்போது ஜன்னலைத் திறக்காததற்கு ஏச்சு. இத்தனை வருடம் கழித்து நினைத்துப் பார்த்தால் அவர் சொன்னதெல்லாம் எங்களுடைய தமிழிலேயே என் காதில் விழுகிறது. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

எனக்கும் அவரை ஏச ஒரு காரணம் இருந்தது. அவர் பின்கதவைப் பூட்டமாட்டார். கோடையில் பூட்டாவிட்டால் ஒரு பேச்சு. தை மாதத்திலும் அந்தக் கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும். வாசலில் ஒற்றைப் படலைக்கு மூன்று பூட்டுப் போடுகிற ஊரிலிருந்து வந்தவன் நான், பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா.

"மதாம், கள்ளன் வருவான்."

"வரட்டுமே. நேற்றைய சூப்பு கிடக்கு, குடிச்சிட்டுப் போகட்டும்."

அதற்கு மேல் அவரோடு கதைக்க முடியாது. வானொலிக்கு மேலே ஒரு படம் தொங்கியது. ராணுவத் தொப்பியைச் சரித்துப் போட்ட ஒரு இளம் பெடியன், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறான். அது தன் அண்ணா என்றும், இரண்டாம் உலகப் போரில் நோர்மண்டியில் செத்தவர் என்றும் ஒருமுறை சொன்னார். அந்தப் பேச்சையும் அதோடு சாத்திவிட்டார்.

இனி அந்தக் கறை. ஒரு மாசி மாதப் பகல். கூட இருந்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். கொழும்பிலிருந்து தொலைபேசி. யாழ்ப்பாணத்தில் அப்பா செத்து இரண்டு நாளாகிவிட்டது, எரித்தும் முடிந்துவிட்டது என்றார்கள். அகதி வழக்கு முடியாதவன் நான், போகவும் வழியில்லை. எங்களில் சாவுச் செய்தி கேட்டால் தோய வேண்டும், அதாவது தலையோடு முழுகவேண்டும். அது ஒன்றுதான் அந்த நேரத்தில் என்னால் செய்யக்கூடியதாக இருந்தது. குளியலறையில் தொட்டி இருந்தது, ஷவர் இருந்தது. அப்பாவுக்கு ஷவரில் தோய்வதா என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. தரை துடைக்கிற வாளியை எடுத்துக்கொண்டு அறையின் நடுவில் நின்று, கிணற்றடியில் வார்ப்பதுபோல, வாளி வாளியாகத் தலையில் ஊற்றினேன். கிணற்றடியில் ஊற்றுகிற தண்ணீர் வாழைக்குப் போகும். பார்க் எக்ஸ்டென்ஷனில் அது மதாமின் சமையலறைக்குப் போகும் என்பது என் மூளையில் ஏறவில்லை.

ஏழாவது வாளியோ எட்டாவதோ, கதவில் படபடவென்று அடி. ஈரச் சாரத்தோடு போய்த் திறந்தேன்.

"உனக்கு என்ன விசரா? என்ர அடுப்புக்கு மேல மழை பெய்யுது."

என்னிடம் அன்றைக்கு இருந்த பிரெஞ்சு கொஞ்சம். "அப்பா" என்றேன். "செத்திட்டார்."

அவர் என்னைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"அதுக்குத்தான் குளிக்கிறியோ?"

"ஓம் மதாம். எங்கட வழக்கம்."

கீழே இறங்கிப் போனார். அரை மணி நேரத்தில் ஒரு பானை பட்டாணி சூப்போடு திரும்பி வந்தார். "இண்டைக்கு நீ அடுப்பு மூட்டாதே" என்றார். செத்த வீட்டில் அடுப்பு எரிப்பதில்லை, அயலவர்தான் சாப்பாடு கொடுப்பார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செய்தி கேட்டபோது வராத அழுகை அந்தச் சூப்பின் முதல் கரண்டியில் வந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை நான் வெள்ளைப் பெயின்ட் வாங்கிக்கொண்டு போனபோது, ஏணியை வைக்க விடவில்லை. "அது உன்ர அப்பாவின்ர. கிடக்கட்டும்" என்றார்.

அங்கே ஒன்பது வருடம் இருந்தேன். பிறகு கல்யாணம், பிள்ளைகள், சென்ட் லோரன்டில் வீடு. மதாம் தன் வீட்டை விற்றுவிட்டு இப்போது கோட்-டெ-நெய்ஜில் முதியவர்களைப் பார்க்கும் ஒரு இல்லத்தில் இருக்கிறார். தொண்ணூற்றொரு வயது. கால் விட்டுவிட்டது, வாய் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். அவருக்குப் பிள்ளைகள் உண்டு, நல்ல பிள்ளைகள், ஆனால் அவர்கள் வந்தால் மருந்தைப் பற்றிக் கேட்பார்கள். நான் போனால் ஏசுவதற்கு ஒரு ஆள் கிடைக்கிறது.

சென்ற ஆனி மாதம் ஒரு ஞாயிறு, பாரிசில் இருக்கிற அக்காவின் மகனுக்குக் கல்யாணம், போறன் என்று சொன்னேன். மதாம் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அங்கயிருந்து நோர்மண்டி தூரமோ?"

"காரில மூண்டு மணித்தியாலம் எண்டு நினைக்கிறன்."

"கதவைச் சாத்து" என்றார். அவர் கதவைச் சாத்தச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் சொன்னது இது. அண்ணா போரில் சேர்வதற்கு முன் ஆலையில் பின்னேர வேலை செய்தவர். வீட்டில் அப்பா நேரத்தோடு எல்லாக் கதவையும் பூட்டிவிடுவார். படுக்கப் போகுமுன் இந்தச் சின்னத் தங்கை மெல்லப் போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள். இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கப்பலுக்குப் போகிற அன்று எல்லாரையும் கட்டிப்பிடித்தவர், இவளுடைய காதில் மட்டும், "பின்கதவைப் பூட்டிப்போடாதே, என்ன" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவர் நோர்மண்டிக் கரையில் இறங்கி மூன்றாம் கிழமை செத்துப்போனார்.

போர் முடிந்து சில வருடம் கழித்து வீட்டுக்கு ஒரு படிவம் வந்தது. கல்லறைக் கல்லின் அடியில் குடும்பத்தார் விரும்பினால் ஒரு வரி பொறிக்கலாம், எழுதி அனுப்புங்கள் என்று. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். கையெழுத்தை வைத்துவிட்டு, மகளிடம் கொடுத்து, "இயேசுவே, என் மகனுக்கு நித்திய இளைப்பாற்றியைத் தாரும் எண்டு எழுது" என்றார். மகளுக்குப் பதின்மூன்று வயது, கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்த அழகான கையெழுத்து. அவள் எழுதினாள். என்ன எழுதினாள் என்றால், "பின்கதவு பூட்டவில்லை."

"தபால்பெட்டிக்குள்ள போட்ட பிறகுதான் பயம் வந்தது" என்றார் மதாம். "அம்மா சாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தவ. தன்ர செபம் பிள்ளையின்ர தலைமாட்டில நிக்குது எண்டு. ஒவ்வொரு நவம்பரும், செத்தவையின்ர நாளில, சொல்லுவா. நான் பக்கத்தில இருந்து ஓம் ஓம் எண்டு தலையாட்டுவன். சுவாமியாரிட்டச் செய்த பாவசங்கீர்த்தனத்திலகூட இதை நான் சொன்னதில்லை."

இப்போது போனில் தேடினால் கல்லின் படமே வரலாம் என்றேன். என் போனைக் கைநீட்டித் தள்ளிவிட்டார்.

"அது வேண்டாம். ஒரு மனுசன் நேர நிண்டு பாத்துச் சொல்லவேணும். அந்த அலுவலகத்தில ஆரும் பெரியவை பாத்து, இதென்ன பிள்ளை விளையாட்டு எண்டு மாத்தியிருப்பினம். மாத்தியிருந்தால் நல்லது. ஒண்டும் இல்லாமல் வெறுங்கல்லா இருந்தாலும் பரவாயில்லை. அவனுக்குச் சேர வேண்டிய செபத்தை நான் களவெடுத்தனோ இல்லையோ, அது எனக்குத் தெரியவேணும். நான் போய் அம்மாவின்ர முகத்தில முழிக்கவேணுமே."

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் புறப்பட்டோம். அத்தான் கார் ஓட்ட, அக்கா முன்னால், நான் பின்னால், அக்காவின் மடியில் புட்டும் கோழிக்கறியும். அக்காவுக்குத் துளியும் சம்மதமில்லை. "கலியாணம் முடிஞ்ச கையோட சுடலைக்குப் போற சனம் உலகத்தில நாங்கள்தான். வீட்டில புதுப் பொம்பிளை மாப்பிளை இருக்கினம். நான் காரை விட்டு இறங்க மாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்." அக்கா வாழ்நாளில் சுடலைக்குள் கால் வைத்தவர் இல்லை. எங்களில் பெண்கள் போவதில்லை. அப்பாவை எடுத்தபோதும் படலையோடு நின்றவர். அவர் அந்தப் படலையில் நின்றார், செய்தி பிந்தி வந்த நான் மொன்றியலில் மதாமின் அடுப்புக்கு மழை பெய்வித்துக்கொண்டிருந்தேன்.

சோள வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டில் இருந்தது அந்தக் கனடியக் கல்லறைத் தோட்டம். சுற்றிலும் மரங்கள், அவற்றில் மேப்பிளும் இருந்தது. வாசலின் இரண்டு பக்கமும் சின்னக் கோபுரம். ஏறிப் பார்த்தால் வயல்களுக்கு அப்பால் கடல் ஒரு நீலக் கோடாகத் தெரிந்தது. அங்கேதான் இறங்கினார்கள். வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சிறு இரும்புப் பெட்டி, அதற்குள் பெயர்ப் புத்தகம். மதாம் எழுதித் தந்த துண்டை வைத்துக்கொண்டு வரிசை எண்ணைக் கண்டுபிடித்தேன். தோட்டக்காரர் ஒருவர் முழங்காலில் இருந்து கல் ஓரத்துப் புல்லைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். எல்லாக் கல்லும் ஒரே உயரம், ஒரே வெள்ளை. வயதைப் பார்த்துக்கொண்டே போனேன். பத்தொன்பது, இருபத்திரண்டு, பத்தொன்பது. பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டேன். என் மகனுக்கு இருபத்தொன்று.

அவருடைய கல்லின் முன்னால் ஒரு ரோஜாச் செடி. அதன் இலைகள் அடி வரியை மறைத்துக்கொண்டிருந்தன. குனிந்து இலையை விலக்க எனக்குக் கை வரவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வெறுங்கல்லாக இருந்துவிட்டால் எல்லாருக்கும் சுகம் என்று ஒரு கோழை நினைப்பு. விலக்கினேன். பிரெஞ்சில், பெரிய எழுத்தில், ஒரு எழுத்தும் மாற்றாமல் இருந்தது. பின்கதவு பூட்டவில்லை.

இரண்டு பக்கத்துக் கல்லையும் பார்த்தேன். ஒன்றில் செபம். மற்றதிலும் செபம். பின்வரிசையில் இரண்டொன்று வெறுமை. நடுவில் இது மட்டும், ஏதோ வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் கூப்பிட்டுச் சொன்னது போல.

காருக்குத் திரும்பி வந்தேன். அத்தான் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். அக்கா, "என்ன, இருக்கே?" என்றார். வரும் வழியில் முழுக்கதையும் சொல்லியிருந்தேன்.

"இருக்கு. அந்தப் பிள்ளை எழுதினதுதான்."

"அந்தக் கதவோ?"

"ஓம்."

அக்கா மடியில் இருந்த புட்டுப் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். பிறகு அதை அத்தானிடம் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். "எங்க போறீர்?" என்று அத்தான் எழும்பிவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றினார். சுடலையில் யாரும் செருப்புக் கழற்றுவதில்லை. ஆனால் அவர்தான் சுடலைக்கே போனதில்லையே, அவருக்கு எப்படித் தெரியும். கோயிலுக்குள் போவதுபோல வெறுங்காலோடு புல்லில் நடந்து வந்தார். கல்லுக்கு முன்னால் குந்தியிருந்து, இலையை விலக்கி, எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒரு கையைக் கல்லின் தலையில் வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

"இவ்வளவு காலமாய் வீட்டுக்காரர் ஒருத்தரும் வரேல்லையே இந்தப் பிள்ளைக்கு" என்றார். பிறகு அழுதார். நானும்தான். அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுததில்லை. யாருக்கு அழுதோம் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

எழும்பும்போது அக்கா பழைய அக்காவாகிவிட்டார். "சரி. இனித் தோய வேணும்."

"வழியில ஒரு ஹோட்டலைப் பாப்பம்" என்றார் அத்தான்.

"ஹோட்டல் என்னத்துக்கு? உந்தா கடல் கிடக்கு."

கடற்கரையில் கொடிகள் பறந்தன. நீளமான மணல், பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் உடுத்த உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கினோம். ஆடி மாதத்திலும் பல்லைக் கிட்டவைக்கிற குளிர். அக்காவுக்கு அறுபத்தாறு வயது, மூட்டு வலி, நைலான் சுடிதார். என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று தரம் முங்கினார். அத்தான் கரையில் நின்று, "சனம் பாக்குது, சனம் பாக்குது" என்றார். "முழுக்க நனைஞ்சாப்பிறகு முக்காடு என்னத்துக்கு" என்று அக்கா தண்ணீருக்குள் இருந்தே கத்தினார். அவர் மீதும் ஒரு கை அள்ளித் தெளித்தார், காரோட்டிக்கும் அதே சாவுத் துடக்குத்தானாம்.

முங்கி எழும்பிக் கரையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெடியன் அந்தக் கரையை முதலில் பார்த்தது இங்கிருந்துதான், இந்தத் தண்ணீருக்குள் நின்றுதான்.

நாங்கள் சொட்டச் சொட்ட ஏறி வர, நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வயதான பிரெஞ்சுக்காரர், ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டார். விழுந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார். அக்கா பிரெஞ்சில் மிக மரியாதையாக, "இல்லை ஐயா, ஒரு செத்த வீட்டுக்குப் போய் வந்தனாங்கள்" என்றார். அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ, தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொன்னார். நாங்கள் மெர்சி சொன்னோம்.

திரும்பி வரும் விமானத்தில் ஏழு மணி நேரமும் எனக்கு ஒரே யோசனை. பொய் சொல்லிவிடலாம். உங்கள் அம்மாவின் செபம்தான் இருக்கிறது, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று ஒரு வாக்கியம். தொண்ணூற்றொரு வயது மனுஷி நிம்மதியாகக் கண்ணை மூடுவார். மறுநாள் ஞாயிறு. மெட்ரோவில் போகும்போதும் பொய்யைத்தான் பாடமாக்கிக்கொண்டு போனேன். அறைக்குள் நுழைந்ததும் அவர் என்னைப் பார்த்த பார்வையில் அது மறந்துபோயிற்று.

"சொல்லு."

"உங்கட வசனம்தான் இருக்கு, மதாம். அப்படியே இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப அம்மாவின்ர செபம் இல்லை."

"இல்லை. ஆனா ஒண்டு கேளுங்கோ." அக்காவைப் பற்றிச் சொன்னேன். சுடலைக்குப் போகாத மனுஷி, பெற்ற அப்பாவோடுகூடப் போகாதவர், வீட்டில் புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு இறங்கி வந்ததைச் சொன்னேன். "செபம் இந்தப் பக்கத்துக் கல்லிலயும் இருக்கு, அந்தப் பக்கத்துக் கல்லிலயும் இருக்கு. உங்கட அண்ணாவின்ர கல்லிலயும் அது இருந்திருந்தால் அக்கா காரை விட்டு இறங்கியிருக்க மாட்டா. கதவு திறந்திருக்கு எண்டு கேட்டபடியால்தான் வந்தவ."

மதாம் கையால் போர்வையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"பேந்து என்ன செய்தனீங்கள்?"

"கடலில தோய்ஞ்சனாங்கள். ரெண்டு பேரும்."

அந்தச் சொல் அவருக்கு விளங்கப்படுத்தத் தேவைப்படாத சொல். கண்ணைத் திறந்தார்.

"வாளியாலயோ?"

"இல்லை மதாம்."

"ஒருத்தரின்ர சீலிங்கும் பழுதாகேல்லைத்தானே?"

சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்து அழுகையாகிவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "தண்ணி குளிரே?" என்று கேட்டார். சரியான குளிர் என்றேன். "ஜூலையில நீ போனது. அவன் ஜூனில" என்றார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் இருந்த மணியை அழுத்தினார். பராமரிப்பு வேலை செய்கிற ஹெய்ட்டிப் பெண் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னைக் குளிக்க வார்க்கவேணும்" என்றார் மதாம்.

அந்த இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் கிழமையில் ஒரு நாள்தான் முழுக்கு. சுவரில் அட்டவணை இருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தார். "மதாம், உங்கட நாள் வியாழக்கிழமை எல்லோ. இண்டைக்கு ஞாயிறு."

"தெரியும். எங்கட வீட்டில ஒரு சாவு."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்கு நான் தலையாட்டினேன்.

"ஆர், மதாம்?"

"என்ர அண்ணா."

அந்தப் பெண் எப்போது என்று கேட்கவில்லை. அலுமாரியைத் திறந்து துவாயை எடுத்தார், சட்டைக் கையை மடித்துவிட்டார். "தலைக்கும் வார்க்கவோ?" என்று கேட்டார்.

மதாமுக்கு அது தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம்" என்றேன். "தலைக்கும் வாருங்கோ."